தொற்றுநோய்த் தடுப்பும் செவிலியர் பயிற்சியும்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செவிலியர் பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றிய ஆண்டுகளில் வகுப்பறையிலும் வார்டிலும், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் கோவில் மண்டபங்களில் நடத்திய சுகாதார வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் மாணவிகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கு வேலை பார்க்கும் செவிலியர் உண்டு. பேத்தியை இந்தப் படிப்புக்கு அனுப்பிவிட்டுக் கவலைப்படும் பெரியவர்களும் உண்டு. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டாக்டர் இருக்கிறாரே, நோய் பரவாமல் பார்ப்பதில் நர்ஸுக்கு என்ன தனி வேலை?

மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் இருப்பது சில நிமிடங்கள். மருந்து கொடுப்பது, புண்ணைக் கட்டுவது, சளி மாதிரி எடுப்பது, படுக்கையை மாற்றுவது, அடுத்த நோயாளியிடம் போவது என்று நாள் முழுவதும் நடமாடுகிறவர் செவிலியர். கிருமி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் வழியில் அவருடைய கை இருக்கிறது. அந்த வழியை அடைப்பதும் அவருடைய கைதான்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. இங்குள்ள அரசுக் கிளினிக்குகளில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் செவிலியரே. 2010 முதல், பயிற்சி பெற்ற செவிலியர் தாமே எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கி நடத்த அனுமதி உண்டு. இருமலோடு வருகிறவரை முதலில் பார்ப்பவரும், காசநோயாக இருக்குமோ என்று முதலில் ஐயுற வேண்டியவரும் அவர்தான். அவர் ஐயுறாமல் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்த நோயாளி அடுத்த பல வாரங்களுக்கு மினிபஸ் டாக்ஸியிலும் வீட்டிலும் நோயைப் பரப்பிக்கொண்டிருப்பார்.

மூன்று வருஷம், நாலு வருஷம் படித்துத்தானே வருகிறார்கள்? மறுபடியும் எதற்குப் பயிற்சி?

இங்கு பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு, பேறுகாலப் பணியையும் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, துணைச் செவிலியருக்கான சான்றிதழ் ஓர் ஆண்டு. அந்தப் படிப்பு அடித்தளம் மட்டுமே; அதன் மேலே உள்ளவை மாறிக்கொண்டே இருக்கின்றன. காசநோயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சளிப் பரிசோதனை நாடெங்கும் வரத் தொடங்கியதும், காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசிகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்து தெரிந்துகொண்டதைச் சில மணி நேரத்தில் கண்டறிய முடிந்தது. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு மாதக்கணக்கில் போட்டுவந்த, காதைச் செவிடாக்கிய ஊசிகளின் இடத்தில் 2018இல் பெடாகுவிலின் மாத்திரை வந்தது. 2008இல் படித்து முடித்த ஒருவர் அன்றைய பாடத்தையே நம்பியிருந்தால், இன்றைய நோயாளிக்கு அவரால் தவறான பதிலைத்தான் சொல்ல முடியும்.

எங்கே, எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். செவிலியரை நகரத்து ஹோட்டல் அரங்குக்கு அழைத்து இரண்டு நாள் படம் காட்டி அனுப்பும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 40 கிளினிக்குகளில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சியாளர்கள் கிளினிக்குக்கே சென்று, சிறு குழுவாக, அன்றாடம் வரும் நோயாளிகளை வைத்தே மூச்சுநோய்களைப் பற்றிப் பலமுறை சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கிளினிக்குகளில் காசநோயைக் கண்டுபிடிப்பது கூடியது. பாடம் வேலை நடக்கும் இடத்திலேயே நடந்தால்தான் கைக்கு வந்து சேரும்.

கை கழுவுவதைக்கூட ஒரு பாடமாக எடுக்க வேண்டுமா?

வேண்டும். கை கழுவத் தெரியாதவர் யாருமில்லை. எப்போது கழுவ வேண்டும் என்பதில்தான் தவறு நேர்கிறது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறை ஒன்றைச் செய்யும் முன், உடல்நீர் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்ட பின் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைக் குறித்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலோர் விட்டுவிடுவது கடைசியானதை. நோயாளியைத் தொடவில்லையே, போர்வையைத்தானே சரிசெய்தேன் என்பார்கள்.

சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலும், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்பும் தண்ணீரும்தான். வகுப்பில் புற ஊதா விளக்கில் ஒளிரும் களிம்பை மாணவிகளின் கையில் பூசி, கழுவிவரச் சொல்லி விளக்கின் கீழே காட்டச் சொல்வேன். கட்டைவிரலும் நகக்கண்ணும் மோதிரத்தின் அடியும் பளிச்சென்று ஒளிரும். அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த விளக்கு ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

காவடிக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன் சிஸ்டர். வார்டில் கழற்றச் சொல்கிறார்கள், எப்படிக் கழற்றுவது?

ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு முன்பு இந்தக் கேள்வி வரும். நம் பெண்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிறு ஒருமுறை நனைந்தால் எளிதில் காய்வதில்லை. நூலில் கிருமி தங்கும். மணிக்கட்டைச் சரியாகக் கழுவவும் முடியாது. அதனால்தான் நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழே கயிறு, வளையல், கைக்கடிகாரம் எதுவும் கூடாது என்பது விதி. தங்க வளையலுக்கும் இதே விதிதான்.

கட்டிய பிறகு சண்டையிடுவதைவிட, கட்டும் முன்பே பேசுவது நல்லது. உங்கள் வேலை இன்னது என்று பூசாரியிடம் சொல்லி, முழங்கைக்கு மேலே கட்டலாமா என்று கேளுங்கள். விரத நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதுங்கள். அல்லது அந்த நாட்களில் பதிவேட்டு வேலை தரும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பயிற்சி தருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்லாமல் எல்லார் முன்னாலும் “அதைக் கழற்று” என்று ஆணையிட்டால், அந்தப் பெண் அடுத்த முறை கயிற்றைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வருவாள். மறைத்த கயிறு இன்னும் ஆபத்தானது.

சாதாரண மாஸ்க் போதாதா? என்-95 போட்டால் மூச்சு முட்டுகிறது.

இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. சாதாரண அறுவை மாஸ்க், அதை அணிந்திருப்பவரின் வாயிலிருந்து தெறிக்கும் துளிகளைத் தடுக்கிறது. ஆகவே இருமும் நோயாளிக்கு அது பொருந்தும். காசநோய்க் கிருமி மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கக்கூடியது. அதை உள்ளே இழுக்காமல் இருக்கச் செவிலியருக்கு என்-95 வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பயன். ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தாடி வைத்திருக்கும் ஆண் செவிலியருக்கு அது ஒட்டாது.

குவாசுலு-நடால் மாகாணத்தில் இருக்கும் நாம் இதை மறக்கவே கூடாது. இங்கே டுகேலா ஃபெரி என்ற சிற்றூரில் 2005, 2006 ஆண்டுகளில் ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டு, அவர்களில் 52 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள். இறந்தவர்களுள் மருத்துவப் பணியாளரும் இருந்தனர். குணமாக வந்த இடத்திலேயே நோய் தொற்றியிருக்கக்கூடும் என்பதை அது உலகத்துக்கு உரக்கச் சொன்னது.

ஜன்னலைத் திறந்தால் நோயாளிக்குச் சளி பிடிக்கும் என்று வீட்டார் சண்டைக்கு வருகிறார்களே?

போர்வை கொடுங்கள், ஜன்னலை மூடாதீர்கள். பெரு நாட்டின் லிமா நகரத்து மருத்துவமனைகளில் அளந்து பார்த்தபோது, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தால், இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிட வேகமாகக் காற்று மாறியது. திறந்த ஜன்னலுக்குச் செலவு கிடையாது. காத்திருப்போர் கூடத்தில் இருமுகிறவரைத் தனியே காற்றோட்டமுள்ள இடத்தில் உட்காரவைத்து முதலில் பார்த்து அனுப்புவதற்கும் செலவு கிடையாது.

குழந்தைக்கு அம்மா வந்திருக்கிறாள், கிளினிக்குக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஆயா பிடிவாதமாக இருக்கிறார். என்ன சொல்வது?

அம்மை கண்டதைத்தான் அம்மா வந்திருக்கிறாள் என்கிறார்கள்; ஆயா என்பது இங்கே பாட்டி. முதலில் ஆயாவை எதிரியாக நினைக்காதீர்கள். வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாரை வீட்டுக்குள் விடாமல், குழந்தையைத் தனி அறையில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே அனுப்பாமல் வைத்திருப்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். அதைத் தனிமைப்படுத்துதல் என்றுதான் நாங்கள் பாடத்தில் சொல்கிறோம். 1860இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்கள் மாரியம்மனையும் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நிறுத்தும்படி எந்தச் செவிலியரும் சொல்ல வேண்டியதில்லை. “நீங்கள் குழந்தையைத் தனியே வைத்தது சரி ஆயா, மூச்சையும் காய்ச்சலையும் நான் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்” என்று தொடங்கினால் கதவு திறக்கும்.

ஆனால் எந்த அம்மை என்று தெரிந்தாக வேண்டும். சின்னம்மையில் நீர்க்கொப்புளம் வரும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை தொற்றும். தட்டம்மையில் முதலில் கடுங்காய்ச்சல், இருமல், சளி, கண் சிவப்பு. பிறகு முகத்தில் தொடங்கி உடல் முழுவதும் செந்தடிப்பு பரவும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை தொற்றும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம்வரை இருக்கக்கூடும். அதனால் தட்டம்மையென்று ஐயமிருந்தால் குழந்தையைக் கூட்டத்தில் உட்காரவைக்காமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, நேரே தனி அறைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

தட்டம்மைக் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். கண்ணையும் உயிரையும் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மூச்சு வேகமாக வாங்கினால், எதையும் குடிக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால், கண்விழிக்காமல் சோர்ந்து கிடந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அம்மைக் காய்ச்சலுக்குக் குழந்தைக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. வீட்டில் வேறு சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். இங்கு தட்டம்மைத் தடுப்பூசி ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போடப்படுகிறது. கருவுற்ற பெண் வீட்டில் இருக்கிறாரா என்றும் மறக்காமல் கேட்க வேண்டும்.

எந்த நோயை எப்போது அரசுக்குத் தெரிவிப்பது? லேப் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களை இங்கு வகை பிரித்திருக்கிறார்கள். முதல் வகை நோய்களுக்குக் காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன தட்டம்மை, காலரா, வெறிநாய்க்கடி நோய் போன்றவற்றை ஐயம் எழுந்தவுடனேயே விரைவான வழியில் சொல்லிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் பதிவும் செய்ய வேண்டும். காசநோய் போன்ற இரண்டாம் வகை நோய்களை, கண்டறிந்த 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஐயம் தவறாகப் போனால் குற்றமில்லை. மாணவிகள் பலர் அதற்குத்தான் அஞ்சுகிறார்கள்.

ஒரு சிறு ஐயத்தின் மதிப்பு என்ன என்பதற்கு 2017, 2018இல் இந்நாட்டில் நடந்த, உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியோசிஸ் நோயின் பரவலைச் சொல்வேன். நோய் மாதக்கணக்கில் பரவியும் மூலம் எது என்று தெரியவில்லை. ஜனவரி 2018இல் ஒரே மழலையர் காப்பகத்திலிருந்து சில குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகச் சொவெட்டோவிலுள்ள மருத்துவமனைக்கு வந்தார்கள். இதை வழக்கமான வயிற்றுப்போக்கு என்று விட்டுவிடாமல் ஐயுற்றுத் தகவல் கொடுத்ததால், அந்தக் காப்பகத்தில் இருந்த போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி சோதிக்கப்பட்டு, அது தயாரான ஆலைவரை தடம் போனது. அந்தப் பரவலில் 1,060 பேருக்கு நோய் உறுதியானது. 216 பேர் இறந்தார்கள்.

ஊசி கையில் குத்திவிட்டது. சொன்னால் திட்டுவார்களே, சொல்லாமல் விட்டால் என்ன?

சொல்லியே ஆக வேண்டும், அதுவும் உடனே. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள், பிளீச் ஊற்றாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர் உடலில் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 300இல் ஒன்று. தடுப்பு மருந்தைத் தொடங்கினால் அதுவும் பெருமளவு குறைகிறது. ஆனால் மருந்தை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், 72 மணி நேரத்துக்கு உட்பட்டுத் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி இதைவிடப் பன்மடங்கு எளிதாகத் தொற்றும். ஆகவே அந்தத் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட பிறகே மாணவிகள் வார்டுக்குள் போக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வேலையின்போது நேர்ந்தது என்று எழுத்தில் பதிவானால்தான் பிற்காலத்தில் இழப்பீடும் கேட்க முடியும்.

நான் பாடம் சொன்ன ஒரு மாணவி ஊசி குத்தியதை இரண்டு நாள் மறைத்துவிட்டாள். அதற்கு முந்தைய வாரம் இதேபோல் சொன்ன இன்னொருத்தியை வார்டில் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டதை அவள் பார்த்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அழுதுகொண்டே என்னிடம் வந்தபோது கெடு முடியச் சில மணி நேரமே இருந்தது. மருந்து தொடங்கினோம், நல்லபடியாக முடிந்தது. அன்று முதல் என் முதல் வகுப்பு ஊசியைப் பற்றியதாகவும், அதில் முதல் வாக்கியம் “குத்தினால் திட்டமாட்டோம்” என்பதாகவும் ஆயிற்று.

கொரோனாவில் அத்தனை பயிற்சி கொடுத்தும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பரவியதே?

உண்மை. 2020இல் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள் 39 நோயாளிகளுக்கும் 80 பணியாளர்களுக்கும் தொற்று பரவியதையும், அது ஒரே ஒருமுறை உள்ளே நுழைந்த கிருமியிலிருந்து தொடங்கியதாகத் தெரிந்ததையும் ஆய்வாளர்கள் தடம் பிடித்து எழுதினார்கள். நோயாளிகளை வார்டுக்கு வார்டு மாற்றியதும், பணியாளர் நடமாட்டமும், பலருக்கும் பொதுவான கருவிகளும் அதில் பங்கு வகித்தன. கொரோனா நோயாளி என்று தெரிந்தவரிடம் எல்லாரும் கவனமாகவே இருந்திருப்பார்கள். தெரியாதவரிடம்தான் கவனம் தளர்கிறது.

பயிற்சியில் நான் இதிலிருந்து மாற்றிக்கொண்டவை இரண்டு. தேநீர் அறையையும் பாடத்தில் சேர்த்தேன், ஏனென்றால் மாஸ்க்கைக் கழற்றிச் சேர்ந்து சாப்பிடும் இடம் அது. துப்புரவுப் பணியாளர், நோயாளியைத் தள்ளிச் செல்பவர், உணவு கொண்டுவருபவர் ஆகியோரையும் செவிலியரோடு அதே வகுப்பில் உட்காரவைத்தேன். கட்டில் கம்பியை யார் எப்போது துடைப்பது என்று அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசியபோதுதான், இரு தரப்பும் அது மற்றவர் வேலை என்று நினைத்திருந்தது தெரியவந்தது.

என் பேத்தி நர்ஸாகப் போகிறாள். நோய் அவளுக்கே ஒட்டிக்கொண்டால்?

இந்தக் கவலையைத் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1904இல் ஜோகன்னஸ்பர்க் இந்தியர் குடியிருப்பில் பிளேக் வந்தபோது காந்தியும் சில தோழர்களும் நோயாளிகளைக் கவனித்தார்கள். நகராட்சி அனுப்பிய செவிலியர் ஒருவர் அந்த நோய் தொற்றியே இறந்தார். அவரிடம் அன்று இல்லாதவை இன்று உங்கள் பேத்தியிடம் இருக்கின்றன: தடுப்பூசி, என்-95, ஊசி குத்தினால் மருந்து, நோய் எப்படிப் பரவுகிறது என்ற அறிவு. அவளுக்கு இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, இரவில் வியர்த்தாலோ தானும் ஒரு நோயாளியைப் போலச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று வீட்டில் நீங்களும் நினைவூட்டுங்கள். செவிலியர் தம் உடம்பைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். காய்ச்சலோடு வேலைக்குப் போகிறேன் என்றால் தடுத்து நிறுத்துங்கள். அது கடமை தவறுவது ஆகாது.

நோயாளி எங்கள் கோவில் ஆள்தான். அவருக்கு என்ன நோய் என்று என் அத்தையே என்னைக் கேட்கிறார். வீட்டாருக்கும் தொற்றுமே, சொல்லலாமா?

அத்தைக்குச் சொல்லக் கூடாது. நோயாளியின் நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடுவது 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்துக்கு எதிரானது. நம்மைப் போன்ற சிறு சமூகத்தில் ஒரு சொல் சனிக்கிழமைக் கல்யாணத்தில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அதன்பின் அந்தக் குடும்பத்தில் எவரும் அந்தக் கிளினிக் பக்கம் வரமாட்டார்கள். “வேலையில் பார்ப்பதை நான் வெளியே பேசுவதில்லை அத்தை” என்ற ஒரே பதிலை எல்லாருக்கும், நோயில்லாதவர் விஷயத்திலும் சொல்லிப் பழகுங்கள். ஒருவருக்கு மட்டும் மௌனம் காத்தால் அந்த மௌனமே செய்தியாகிவிடும்.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. காசநோயாளியின் வீட்டாரை, முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தே ஆக வேண்டும்; நோயில்லாதவருக்குத் தடுப்புச் சிகிச்சை தர வேண்டும். இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லி, அவரே வீட்டாரை அழைத்துவரும்படி செய்வது சிறந்த வழி. அவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் அது தனிச் செய்தி. காசநோய்க்காக வரும் வீட்டாரிடம் அதைக் குறிப்பாலும் உணர்த்தக் கூடாது. இரண்டு நோய்க்குறிப்பும் ஒரே அட்டையில் இருந்தால் அந்த அட்டையை மேசைமீது திறந்து வைக்காதீர்கள்.

பயிற்சி பலித்தது என்று எப்படித் தெரியும்? பரீட்சையில் மார்க் வாங்கினால் போதாதா?

போதாது. ஐந்து தருணங்களையும் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியவர், அன்று மாலையே இரண்டு கட்டில்களுக்கிடையே கையைச் சுத்தம் செய்யாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வார்டில் நின்று கவனிக்க வேண்டும். கவனிப்பது தெரிந்தால் எல்லாரும் ஒழுங்காகச் செய்வார்கள் என்பதால், மாதத்துக்கு எத்தனை பாட்டில் சானிடைசர் தீர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிளினிக்கில் என்றால், இருமலோடு வந்த நாளுக்கும் சளி மாதிரி எடுத்த நாளுக்கும், அதற்கும் மருந்து தொடங்கிய நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று பதிவேட்டிலிருந்து எண்ணுங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேர்மையான தேர்வுத்தாள் இல்லை.

ஓர் எண்ணிக்கையில் மட்டும் மேலாளர்கள் ஏமாந்துவிடுவதுண்டு. நல்ல பயிற்சிக்குப் பின் முதல் சில மாதங்களில் ஊசி குத்தியதாக வரும் புகார்கள் கூடும். குத்துவது கூடியதால் அல்ல, முன்பு மறைத்தவர்கள் இப்போது சொல்வதால் அது கூடியிருக்கலாம். அந்தக் கணக்கைக் காட்டி வார்டைக் கண்டித்தால் அடுத்த மாதம் எண் குறையும். குத்தியதை மறைத்த மாணவிகள் மறுபடியும் மூன்றாம் நாள் காலையில் அழுதுகொண்டு வருவார்கள், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள்.